கண் வீங்கிய கோழி: குழம்புச் சட்டியை எடுக்கும் முன்...

'கொல்லைப்புறம்' பகுதிக்கு இந்த வாரம் கேள்வி வந்திருப்பது விருத்தாசலத்தில் இருந்து. பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் குடியிருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் ஐந்து சிறுவிடைக் கோழிகளும் ஒரு சேவலும் வளர்க்கிறார். அதில் நன்றாக முட்டையிடும் கோழிக்கு மூன்று நாளாக வலது கண் வீங்கி மூடிக்கொண்டிருக்கிறது. ஓரத்தில் மஞ்சளாகச் சீழ் ஒட்டியிருக்கிறது.

சாவதற்குள் அறுத்துக் குழம்பு வைத்துவிடலாம் என்கிறாராம் மாமியார். வீட்டில் மீதமிருக்கும் கண் களிம்பைப் போட்டுப் பார்க்கலாம் என்கிறாராம் கணவர். அந்தக் கோழிக்குப் பெயர் வைத்து வளர்க்கும் பள்ளிக்கூடத்து மகளோ இரண்டுக்கும் சம்மதிக்காமல் அழுகிறாளாம். 'யார் பேச்சைக் கேட்பது?' என்பது அவர் கேள்வி.

இப்போதைக்கு மகள் பேச்சைக் கேளுங்கள். மாமியார் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். கணவர் சொல்லும் களிம்பை மட்டும் உடனே எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதல் வேலை: தனியே பிரித்து வையுங்கள்

கண் வீங்கிய கோழியை இப்போதே மற்ற கோழிகளிடம் இருந்து பிரியுங்கள். பெரிய அட்டைப்பெட்டியோ, கவிழ்த்துப் போட்ட கூடையோ போதும். காற்று வர வேண்டும், எதிர்வெயில் படக் கூடாது. அடியில் பழைய செய்தித்தாளை விரித்துத் தினமும் மாற்றுங்கள். தண்ணீர்க் கிண்ணமும் தீனித் தட்டும் அதற்கென்று தனியாக இருக்கட்டும். தினமும் நல்ல கோழிகளுக்குத் தீனி வைத்து முடித்த பிறகே இந்தக் கோழியிடம் வாருங்கள். முறை மாறினால் உங்கள் கையே நோயைச் சுமந்துகொண்டு போகும்.

மாமியார் சொன்னதில் உள்ள நியாயம் இதுதான். நோய்ப்பட்ட கோழியைக் கூட்டத்தில் விட்டுவைத்தால் மொத்தமும் போய்விடும் என்பது அந்தக் காலத்து அனுபவம். அதற்கு அவர்களுக்குத் தெரிந்த வழி அறுத்துவிடுவது. பிரித்து வைத்தாலும் அந்தப் பலன் கிடைக்கும், கோழியும் பிழைக்க வழி உண்டு.

வீங்கியிருப்பது கண்ணா, கன்னமா?

கோழியைப் பகல் வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே, அலகுக்கும் கண்ணுக்கும் நடுவில் தோலுக்கடியில் ஒரு குழிப்பை இருக்கிறது. அது மூக்கோடு இணைந்தது. சளி பிடித்தால் முதலில் அங்கேதான் சேரும். அதன் வெளிச்சுவர் எலும்பாக இல்லாமல் மெல்லிய தோலாக இருப்பதால் பலூன்போல உப்பிக்கொண்டு கண்ணை மூடிவிடும். நாம் 'கண் வீங்கிவிட்டது' என்கிறோம். பல நேரம் உள்ளே கண் நன்றாகவே இருக்கும்.

இன்னொரு விஷயம். மனிதர்களுக்கு வரும் சீழ் தண்ணீர்போல ஓடும். கோழிக்கு அப்படியில்லை. சீழை நீர்க்கவைக்கும் பொருள் கோழியின் வெள்ளை அணுக்களில் இல்லாததால், அது பன்னீர்க் கட்டிபோல உறைந்துவிடும். அதனால்தான் பிதுக்கினாலும் வராது. கட்டி உள்ளேயே இருக்கும்வரை மேலே எந்த மருந்து போட்டாலும் முழுப்பலன் தராது. பழைய கெட்டிக் கட்டியை எடுப்பது கால்நடை மருத்துவர் வேலை. வீட்டில் ஊசியாலோ பிளேடாலோ கீறிப் பார்க்காதீர்கள். கண்ணே போய்விடும்.

என்ன நோயாக இருக்கலாம்?

கண் வீக்கம் என்பது ஓர் அறிகுறி. அதற்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். கூடவே என்ன தெரிகிறது என்று பாருங்கள்.

*ஒரு கண் மட்டும், மற்றபடி கோழி சுறுசுறுப்பு:* கொத்துச் சண்டையில் பட்ட காயம், முள், உமித்தூசி. இதுதான் மிகச் சாதாரணமானது. சுத்தம் செய்தால் இரண்டு மூன்று நாளில் தேறிவிடும்.

*மூக்கில் ஒழுகல், முகம் வீக்கம், கெட்ட வாடை:* இது 'கொரைசா' எனப்படும் தொற்றுச் சளி நோயாக இருக்கலாம். பாக்டீரியாவால் வருவது. ஒரு கோழிக்கு வந்தால் ஒன்றிரண்டு நாளிலேயே அடுத்த கோழிக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

*கண்ணில் நுரை, தும்மல், மூச்சுவிடும்போது கரகர சத்தம்:* 'மைக்கோபிளாஸ்மா' கிருமியால் வரும் நாள்பட்ட சுவாச நோயாக இருக்கலாம்.

*இமையிலும் கொண்டையிலும் மருபோலக் கொப்புளம், கறுத்த பொருக்கு:* கோழி அம்மை. இது வைரஸ் நோய். கொசு கடித்துப் பரவும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொசு பெருகும்போது நம் பக்கத்தில் அதிகம் காணலாம். பொருக்கு சில வாரங்களில் தானே உதிரும்.

*இரண்டு கண்ணிலும் இமைக்கடியில் வெள்ளைக் கட்டி, வாடை இல்லை, கோழி மெலிவு:* வைட்டமின் 'ஏ' குறைவாக இருக்கலாம். குருணையும் பழைய சோறும் மட்டுமே தின்னும் கோழிகளுக்கு இது வரும்.

*கோழி கண்ணைக் காலால் சொறிந்துகொண்டே இருக்கிறது, கண்ணில் நீர்:* கண்புழுவாக இருக்கலாம். மூன்றாவது இமைக்கடியில் மெல்லிய வெள்ளை நூல்போல நெளியும். இந்தப் புழுவின் முட்டையைக் கரப்பான் தின்று, அந்தக் கரப்பானைக் கோழி தின்னும்போது வருகிறது.

*முகம் வீக்கத்தோடு பச்சை அல்லது வெள்ளைக் கழிச்சல், கழுத்து முறுக்கல், வாதம்:* வெள்ளைக் கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய். 1926-ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்துப் பக்கம் கண்டறியப்பட்டதால் உலகத்துக்கு அது 'நியூகாசில் நோய்'. நம் நாட்டில் இமயமலை அடிவாரத்து ராணிக்கெட் ஊரின் பெயர் நின்றுவிட்டது. வந்த பிறகு இதற்கு மருந்து கிடையாது, தடுப்பூசிதான்.

*திடீரென்று ஒன்றுக்கு மேல் சாவு, தலை உப்பல், கொண்டை நீலம்:* கோழியைத் தொடாதீர்கள். செத்ததை அறுக்காதீர்கள், விற்காதீர்கள். உடனே அரசு கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சல் இல்லை என்று அவர்கள்தான் உறுதி செய்ய வேண்டும்.

நம் வாசகியின் கோழிக்கு ஒரு கண்தான், மற்ற கோழிகள் நலம், கழிச்சல் இல்லை என்று எழுதியிருக்கிறார். காயமாகவோ சளியின் ஆரம்பமாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். காப்பாற்றக்கூடிய நிலைதான்.

கண்ணைக் கழுவும் முறை

மெடிக்கலில் 'நார்மல் சலைன்' கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதில் சுமார் 2 கிராம் தூள் உப்பு, அதாவது கால் டீஸ்பூனுக்குச் சற்று மேல் போட்டுக் கரைத்து ஆறவிடுங்கள். கண்ணீர் எவ்வளவு உப்போ ஏறக்குறைய அவ்வளவு. கூடுதல் உப்பு எரியும். இந்த நீரைத் தினமும் புதிதாகச் செய்யுங்கள்.

கோழியைப் பழைய துண்டில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரியும்படி மடியில் வையுங்கள். இறுக்க வேண்டாம். கோழிக்கு நமக்கு இருப்பதுபோல உதரவிதானம் கிடையாது. மார்பு விரிந்து சுருங்கித்தான் மூச்சுவிடுகிறது. மார்பை அழுத்திப் பிடித்தால் கையிலேயே மூச்சு முட்டிப் போய்விடும்.

வெதுவெதுப்பான உப்புநீரில் சுத்தமான பஞ்சை நனைத்து, மூடிய கண்மேல் ஐந்து நிமிடம் வையுங்கள். ஆறினால் மாற்றுங்கள். ஒட்டிய சீழ் ஊறி இளகும். பிறகு மூக்குப் பக்கம் இருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் துடையுங்கள். ஒரு முறை துடைத்த பஞ்சு மறுபடி கண்ணில் படக் கூடாது. காய்ந்த பொருக்கை உரிக்க வேண்டாம், ரத்தம் வரும். இமை திறந்ததும் சில சொட்டு உப்புநீர் விட்டுக் கழுவுங்கள். உள்ளே குறுக்காக ஒரு வெள்ளைப் படலம் வந்து போனால் பதறாதீர்கள். அது கோழியின் மூன்றாவது இமை. சீழ் என்று நினைத்து அதை இழுத்துவிடாதீர்கள்.

காலையும் மாலையும் இதைச் செய்யுங்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கோழியைத் தொட்ட கையால் உங்கள் கண்ணைத் தேய்க்கக் கூடாது. ராணிக்கெட் வைரஸ் மனிதருக்கும் லேசான கண்வலியைக் கொண்டுவரும். மகள் உதவிக்கு வரட்டும். துண்டு பிடிப்பதோடு நிற்கட்டும், கழுவுவது பெரியவர்கள் வேலை.

வெங்காயச் சாறு, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், புகையிலைச் சாறு, வலி தைலம் எதுவும் கண்ணுக்குள் வேண்டாம். அம்மைப் பொருக்குக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போடுவது நம் ஊர் வழக்கம். அதை வெளித்தோலில் மட்டும் போடுங்கள், இமை விளிம்பைத் தாண்டி உள்ளே போகக் கூடாது.

அந்தக் களிம்பு ஏன் வேண்டாம்?

கண்வலி என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது, கேப்ஸ்யூல் மாதிரி நுனியைக் கிள்ளிப் போடும் சின்ன களிம்பு. அதில் இருப்பது பெரும்பாலும் 'குளோராம்பெனிகால்' என்ற மருந்து. மனிதரின் கண்ணுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்தால் தாராளமாகப் போடலாம். ஆனால் முட்டைக்கும் இறைச்சிக்கும் வளர்க்கும் உயிர்களுக்கு அதைப் பயன்படுத்த இந்தியாவிலும் தடை இருக்கிறது. மிக அரிதாகச் சிலருக்கு இந்த மருந்து எலும்பு மஜ்ஜையில் ரத்தம் உற்பத்தியாவதையே நிறுத்திவிடும். எவ்வளவு குறைவாக உடலில் சேர்ந்தால் ஆபத்தில்லை என்று அளவு சொல்ல முடியாததால்தான் முழுத் தடை. அந்தக் கோழி இடும் முட்டையைச் சாப்பிடப்போவது உங்கள் மகள்தானே?

இன்னொரு வகையும் உண்டு. லேபிளில் 'டெக்சாமெதசோன்', 'பீட்டாமெதசோன்' என்று இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்தது. கருவிழியில் புண் இருக்கும்போது அதைப் போட்டால் சிவப்பும் வீக்கமும் குறைந்ததுபோலத் தெரியும், உள்ளே புண் ஆழமாகும். சொட்டு மருந்தானாலும் களிம்பானாலும் வீட்டில் மீந்ததை எடுத்துப் போடக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

உப்புநீரில் கழுவி 24 மணி நேரத்தில் வீக்கம் வடியாவிட்டால், கோழியைக் கூடையில் வைத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். கருவிழி வெள்ளையாக மங்கினாலோ, இன்னொரு கோழிக்கும் கண் வீங்கினாலோ அந்த ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். 'ஒரு கோழிக்குப் போய் டாக்டரா?' என்று கூச்சப்பட வேண்டாம், அவர்கள் இருப்பதே அதற்குத்தான். எத்தனை நாளாக வீக்கம், என்ன தீனி, புதிதாகக் கோழி வாங்கினீர்களா, தடுப்பூசி போட்டதா என்ற நான்கையும் தாளில் எழுதி எடுத்துப்போனால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். செல்போனில் தினமும் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

தண்ணீரில் கலக்கும் மருந்தோ ஊசியோ கொடுத்தால், அவர் சொன்ன நாள்வரை முழுவதும் கொடுங்கள். கண் திறந்துவிட்டது என்று இரண்டாம் நாளே நிறுத்தினால், பிழைத்த கிருமி அடுத்த முறை அதே மருந்துக்கு மசியாது. கொலிஸ்டின் என்ற மருந்தைக் கோழி உள்ளிட்ட உணவு உயிரினங்களுக்குக் கொடுக்க 2019-ல் இந்திய அரசு தடைபோட்டதும் இந்தப் பயத்தால்தான். மனிதருக்குக் கடைசி நம்பிக்கையாக வைத்திருக்கும் மருந்து அது.

முட்டை, கறி சாப்பிடலாமா?

மருந்து கொடுக்கும் நாட்களிலும், நிறுத்திய பிறகு மருத்துவர் சொல்லும் நாட்கள்வரையிலும் அந்தக் கோழியின் முட்டையைச் சாப்பிட வேண்டாம், விற்கவும் வேண்டாம். எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும். மருந்து வாங்கும்போதே கேட்டு, காலண்டரில் வட்டம் போடுங்கள். அந்த நாட்களில் கிடைக்கும் முட்டைகளைக் குழியில் புதைத்துவிடுங்கள். மற்ற கோழிகளுக்கு மருந்து கொடுக்காவிட்டால் அவற்றின் முட்டையை நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம்.

நோயில் துவண்ட கோழியை 'சாவதற்குள்' அறுத்துச் சாப்பிடுவது கூடாது. அறுக்கும்போது தெறிக்கும் ரத்தமும் சளியும் அறுப்பவருக்கே ஆபத்து. கழுவிய தண்ணீரும் இறகும் கொல்லையில் சிந்தினால் மற்ற கோழிகளுக்கும் பரவும். மருந்து கொடுத்த கோழி என்றால் கறியிலும் மருந்து இருக்கும். இதை மாமியாரிடம் சொல்லும்போது, பேத்திக்காகச் சொல்வதாகவே சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார்.

கோழி சாவது பெரும்பாலும் பசியால்

இதைப் பலர் கவனிப்பதில்லை. கோழி கண்ணால் பார்த்துக் கொத்தித் தின்னும் பறவை. கண் மூடிக்கொண்டால் தீனி முன்னால் இருந்தும் தெரியாது. நோய் கொல்வதற்கு முன்னால் பசியும் தாகமும் கொன்றுவிடும். அதனால் தனியறைக் கோழிக்குத் தீனியையும் தண்ணீரையும் நல்ல கண் இருக்கும் பக்கம் வையுங்கள். நனைத்த குருணை, ஊறவைத்த கம்பு, மசித்த அவித்த முட்டை என்று மெத்தென்று கொடுங்கள். தட்டில் விரலால் தட்டிச் சத்தம் காட்டினால் வந்து கொத்தும். அலகின் நுனியைத் தண்ணீரில் தொட்டுக் காட்டினால் குடிக்கும். மூக்குத் துளை நனையும்படி அமுக்கக் கூடாது.

மாலையில் கழுத்தடியில் உள்ள தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். நிறைந்து மெத்தென்று இருந்தால் அன்றைக்குச் சாப்பிட்டிருக்கிறது. தட்டையாக இருந்தால் இரவுக்குள் கையால் ஊட்டுங்கள். பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரையைத் தினமும் ஒரு பிடி கொடுங்கள். வைட்டமின் 'ஏ' தருவதில் அதற்கு இணை குறைவு, உங்கள் தெருவிலேயே கிடைக்கும்.

பீங்கான் ஊருக்கு ஒரு யோசனை

பீங்கான் தொழிலைக் கற்றுத்தர அரசுக் கல்வி நிலையமே இருக்கும் ஊர் உங்களுடையது. அதைக் கோழிக்கும் பயன்படுத்துங்கள். மண்சட்டியிலும் வெட்டிய பிளாஸ்டிக் கேனிலும் தண்ணீர் வைப்போம். மண்சட்டி நீரை உறிஞ்சும், பிளாஸ்டிக்கில் கீறல் விழும். இரண்டிலும் வழவழப்புப் பாசியும் கிருமியும் ஒட்டிக்கொள்ளும். மேலே கண்ணாடிப் பூச்சுள்ள பீங்கான் கிண்ணத்தில் எதுவும் ஒட்டாது. தேய்த்துக் கழுவி வெந்நீர் ஊற்றினால் சுத்தம். கனமாக இருப்பதால் கோழி கவிழ்க்காது. விளிம்பு லேசாகக் கோணியதால் இரண்டாம் தரமாக ஒதுக்கப்பட்ட கிண்ணம் கிடைத்தால் போதும். விளிம்பு உடைந்தது மட்டும் வேண்டாம். உடைந்த பீங்கான் சில்லுகள் கொல்லையில் கிடந்தாலும் பொறுக்கிவிடுங்கள். கூர்முனை காலையும் கிழிக்கும், கண்ணையும் கிழிக்கும்.

கூண்டைக் காலையில் திறந்ததும் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். உங்கள் மூக்கு எரிந்தால் கோழியின் கண் இரவெல்லாம் எரிந்திருக்கிறது என்று அர்த்தம். எச்சம் ஈரமாகிக் கிளம்பும் அமோனியா அது. அடியில் உமியோ வேர்க்கடலைத் தோலோ போடுகிறவர்கள், நனைந்ததை அன்றன்றே அள்ளிவிடுங்கள். மேலே காற்றுப் போக இடம் விடுங்கள். கொல்லையில் தேங்கிய நீரைக் கொட்டிவிட்டால் அம்மையும் குறையும், வீட்டில் கொசுக்கடியும் குறையும்.

சந்தையில் வாங்கிய புதுக் கோழியை அன்றே கூட்டத்தில் விடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பாருங்கள். தொற்றுச் சளியும் மைக்கோபிளாஸ்மாவும் வந்து தேறிய கோழி பார்வைக்கு நன்றாக இருக்கும். கிருமியை மட்டும் சுமந்துகொண்டே இருக்கும்.

தடுப்பூசியை மறக்க வேண்டாம். வெள்ளைக் கழிச்சலுக்குக் குஞ்சின் முதல் வாரத்தில் சொட்டு மருந்து, 8 வாரத்தை ஒட்டி இறக்கையில் ஊசி. கோழி அம்மைக்கும் தனி ஊசி உண்டு. கோழிக்கழிச்சலுக்குக் கால்நடை பராமரிப்புத் துறை இலவச முகாம் நடத்துகிறது, தேதியை மருந்தகத்தில் கேட்டு வையுங்கள். நோயில் இருக்கும் கோழிக்கு மட்டும் தேறிய பிறகே ஊசி. விருத்தாசலத்திலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, வளர்ப்பு முறை பற்றிய சந்தேகங்களுக்கு அங்கேயும் போகலாம்.

ஒரு கண் போய்விட்டால்?

அதோடு முடிந்துவிடாது. வலி இல்லை, தின்கிறது, எடை குறையவில்லை என்றால் ஒற்றைக் கண்ணோடு கோழி நன்றாக வாழும், முட்டையும் இடும். மற்றவை கொத்தாமலும், பருந்தும் பூனையும் தூக்காமலும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இரண்டு கண்ணும் போய், தீனியும் எடுக்காமல், மூச்சுக்குத் திணறினால் நீட்டிப்பது இரக்கமாகாது. மருத்துவரைக் கேட்டு முடிவெடுங்கள். இறந்துபோனால் ஆழமாகக் குழி வெட்டி, மேலே சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். குப்பைத் தொட்டியிலோ மணிமுத்தாற்றிலோ போட வேண்டாம்.

வாசகிக்கு இந்த ஒரு வார வேலை இதுதான்: இன்று பிரிப்பு, காலை மாலை கழுவல், தீனிப்பை சோதனை, நாளைக்குள் வடியாவிட்டால் மருந்தகம், ஏழாம் நாள் கூட்டத்தில் சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் ஒரு வார்த்தை. தினமும் கோழியின் படத்தை எடுக்கும் பொறுப்பை மகளிடம் கொடுங்கள். என்ன ஆயிற்று என்று மறக்காமல் எழுதுங்கள்.

அடுத்த வாரம்: அடைகாக்கும் கோழி பாதியில் எழுந்துவிட்டால் முட்டைகளை என்ன செய்வது?